ஒரே நாளில் வராத ஓய்வுநாள்

செஞ்சிக்காரர்களுக்குத் தேசிங்கு ராஜனைத் தெரியும். சுல்பிகர் கானைத் தெரியாது. முன்னவன் 1714-இல், இருபத்திரண்டு வயதில், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டவன். பின்னவன் செஞ்சிக் கோட்டையை 1690-இல் வளைத்துக்கொண்டு, 1698 வரை விடாமல் இருந்து பிடித்த மொகலாயத் தளபதி. கதைப்பாட்டெல்லாம் தேசிங்குக்குத்தான். எட்டு வருஷம் முற்றுகை போட்டவனுக்கு யார் பாட்டுக் கட்டுவார்கள்? ஒரே வீச்சில் நடந்து முடிகிற காரியத்தின் மேல் நமக்குள்ள மோகம் அப்படி. போர்க்கதையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு மனிதனின் விசுவாசத்தை அளக்கவும் அதே கோலைத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு வழக்கு.

எழுப்புதல் கூட்ட மேடைகளில் ஓயாமல் ஒலிக்கிற வாதம் இது: மெய்யான மனமாற்றம் நொடியில் நடக்கும், இன்று ஒன்றை விட்டு அடுத்த வருஷம் இன்னொன்றை விடுகிறவன் எதையுமே விடாதவன், ‘படிப்படியாக’ என்பது வெதுவெதுப்புக்கு வைத்த கௌரவப் பெயர். மேடைக்கு வெளியே, மதமே வேண்டாம் என்கிறவர்களிடமும் இதே வாதம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரிகிறது. நேற்று ஒரு சபை, இன்று ஒரு சபை, இவர்களுக்கு ஏது கொள்கை, பள்ளிக்கூடமும் மருந்தும் கிடைக்கிற பக்கம் சாய்கிறவர்கள்தானே என்பார்கள். ஒருவரையொருவர் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் இந்த இரண்டு தரப்புக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: நாளெடுத்து வந்தது விசுவாசமே அல்ல.

அந்த எண்ணம் தவறு. தமிழ்நாட்டில், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் சபை வேர்பிடித்த கதையை எடுத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

கதை செஞ்சியில் நடந்ததல்ல. தெற்கே, நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரம், மூக்குப்பீறிப் பக்கம் நடந்தது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜே. எஸ். ஜேம்ஸ் அங்கே குடியேறியது 1908-இல். சனிக்கிழமை ஓய்வுநாளைத் தமிழருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த மக்கள் ஏற்கெனவே சனிக்கிழமைதான் ஆசரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு கூட்டம் இருக்கிறது, அவர்களே கூப்பிடுகிறார்கள் என்பதனால்தான் ஜேம்ஸ் அங்கே போனார்.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னால் போக வேண்டும். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, ஆங்கிலிக்கன் மிஷனில் பணியாற்றிய உபதேசியார். நாசரேத்தில் ஐரோப்பிய மிஷனரியோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டு விலக்கப்பட்டவர். 1849-இல் வெளியான கால்டுவெல்லின் நூல் சாணார் சமூகத்தைப் பற்றி எழுதியிருந்த விதம் அந்தச் சமூகத்தில் பிறந்த படித்தவர்களைச் சுட்டது, அவரையும் சுட்டது. 1857-இல் வெள்ளைக்காரப் பாதிரியின் தயவு இல்லாத ஒரு சபை பிறந்தது. இந்து கிறிஸ்தவ சபை, ஏக இரட்சகர் சபை என்றெல்லாம் அதற்குப் பெயர். கிறிஸ்துவை அவர்கள் விடவில்லை, ஐரோப்பாவைத்தான் விட்டார்கள். ஐரோப்பாவைக் கழித்தால் மிஞ்சும் வழிபாட்டு முறை எது என்று தேடியபோது கையில் இருந்தது வேதப்புத்தகம் ஒன்றுதான். பழைய ஏற்பாட்டைப் புரட்டினார்கள். ஓய்வுநாள் சனிக்கிழமை என்று கண்டார்கள், ஞாயிறு போனது. இஸ்ரவேலின் பண்டிகைகள் வந்தன, தூபம் வந்தது, தரையில் விழுந்து வணங்குதல் வந்தது.

முதலில் எழுந்தது ‘யார் எங்களை ஆள்வது’ என்ற கேள்வி. அது சுயமரியாதைக் கேள்வி. கோபத்தில் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கோபம் வேதத்தைத் தாங்களே திறந்து படிக்க வைத்தது, படிப்பு நாட்காட்டியை மாற்றியது. நாட்காட்டியை மாற்றிக்கொண்ட அந்த மக்கள்தான், தங்களைப் போலவே சனிக்கிழமை ஆசரிக்கிறவர்கள் உலகில் வேறெங்கோ இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் காது கொடுத்தார்கள். மேடைக்காரர் கணக்குப்படி 1857-இல் நடந்தது வெறும் சாதிக்கோபம், 1908-க்குப் பின் நடந்தது விசுவாசம். முன்னது இல்லாமல் பின்னது எப்படி வந்திருக்கும் என்று மட்டும் அவர் சொல்லமாட்டார்.

சேர்ந்தபின்னும் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. அட்வென்டிஸ்ட் போதனைப்படி சனிக்கிழமை நிலைத்து நிற்கும்; இஸ்ரவேலின் பண்டிகைகளும் மாதப்பிறப்பு ஆசரிப்பும் நிழல், கிறிஸ்து வந்ததோடு அவை முடிந்தன. எதைக் காட்டி ‘நாங்கள் வேறு’ என்று நாசரேத்துக்காரர்களிடம் நிமிர்ந்து நின்றார்களோ, அதிலேயே பாதியை இப்போது இறக்கி வைக்க வேண்டும். எல்லோரும் இறக்கி வைக்கவில்லை. ஒரு பகுதியினர் வந்தார்கள், பழைய சபை தன் வழியில் தொடர்ந்தது. வந்தவர்களை ‘சபை மாறிகள்’ என்கிறவர் கையில் ஐம்பது வருஷ வழக்கத்தைக் கொடுத்து, அதில் எது வைத்துக்கொள்ள வேண்டியது, எது விட வேண்டியது என்று பிரிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

‘பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் போனவர்கள்’ என்ற வசவுக்கு வருகிறேன். நாசரேத் அன்று எப்படி இருந்தது? கேனன் மர்காஷிஸ் 1876-இல் அங்கே வந்தவர். 1908-இல் இறக்கும்வரை ஊரையே கட்டி எழுப்பினார். பள்ளிகள், தொழிற்பள்ளி, அநாதை இல்லம், புனித லூக்கா மருத்துவமனை என்று தெற்கத்திச் சீமையில் நாசரேத்துக்கு ஈடாக விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்கள்தான் இருந்தன. பிரகாசபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். லாபம்தான் குறி என்றால் அந்த மக்கள் செய்ய வேண்டியது மிகச் சுலபம்: மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போய் உட்கார்ந்தால் போதும். அவர்களோ அரை நூற்றாண்டு வெளியே நின்றுவிட்டு, அப்போதுதான் வந்து இறங்கிய, கையில் பெரிதாக எதுவும் இல்லாத ஒரு மிஷனை வரவழைத்தார்கள். பிற்பாடு அட்வென்டிஸ்டுகள் பள்ளி நடத்தினார்கள் என்பது உண்மை. 1915-இல் கோயம்புத்தூரில் அவர்கள் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் பெங்களூர் போய், 1942-இல் புனே சேர்ந்து ஸ்பைசர் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் பின்னால் வந்த பள்ளியை முன்னால் எடுத்த முடிவுக்குக் காரணம் காட்டுவது காலக்கணக்கே தெரியாத வாதம்.

சனிக்கிழமை ஆசரிப்புக்கு ஒரு விலையும் உண்டு. ஞாயிறு அரசாங்கமே விடுமுறை விட்ட நாள், அந்தக் காலத்தில் சனிக்கிழமை அப்படியல்ல. கச்சேரி, பரீட்சை, கூலி எல்லாம் நடந்த நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்தே. செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. வியாபாரம் விடிகாலையில் நடந்தாலும் பாக்கி வசூலும் வண்டிவாடகைத் தகராறும் சாயங்காலம்வரை இழுக்கும் என்பது ஆடு பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் ‘மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்று எழுந்து போகிறவனைச் சந்தை என்ன சொல்லும்? அப்படிப்பட்ட வழக்கத்தை ஒரு சமூகம் தானாக வலிந்து ஏற்று ஐம்பது வருஷம் காத்திருந்தால் அதற்கு வெதுவெதுப்பு என்று பெயரில்லை.

ஜேம்ஸை அனுப்பிய அமெரிக்கச் சபையாவது எல்லாவற்றையும் ஒரே நாளில் பெற்றுக்கொண்டதா என்றால், அங்கேதான் மேடைக்காரரின் வாதம் முற்றாகக் குப்புற விழுகிறது. 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் அவர்கள். ஓய்வுநாள் அப்போது அவர்களில் பெரும்பாலோர் கணக்கிலேயே இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் ரேச்சல் ஓக்ஸ் என்ற ஏழாம் நாள் பாப்டிஸ்ட் பெண்மணி எழுப்பிய பேச்சு அது. 1845-இல் பிரீபிள் என்பவர் அதைப் பற்றி எழுதினார். அதைப் படித்த ஜோசப் பேட்ஸ் என்ற ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் 1846-இல் தானே ஒரு பிரசுரம் போட்டார். சபையின் முன்னோடித் தம்பதி ஜேம்ஸ் ஒயிட்டும் எலன் ஒயிட்டும் சனிக்கிழமைக்கு வந்தது அதன் பிறகுதான்.

வந்தார்கள், சரி. சனிக்கிழமை எப்போது தொடங்குகிறது? பேட்ஸ் கடலில் வாழ்ந்தவர். நிலநடுக்கோட்டில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கு அடைகிறது, அந்தக் கணக்கையே உலகம் முழுக்க வைத்துக்கொண்டால் குழப்பமில்லை என்றார். வெள்ளி மாலை ஆறு முதல் சனி மாலை ஆறு வரை. ஒன்பது வருஷம் அந்தக் கணக்கே பெருவாரியாக ஓடியது. செஞ்சியில்கூட நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் பொழுது போய்விடுகிறது, ஜூலையில் ஆறரை தாண்டுகிறது. இங்கேயே இப்படியென்றால், மிச்சிகனில் குளிர்காலத்தில் இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கியிருக்கும். 1855 நவம்பரில் ஜே. என். ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் வேதத்தை ஆராய்ந்து, மாலை என்றால் சூரிய அஸ்தமனம்தான் என்று காட்டினார். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். முதலில் ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் தெரியுமா? பேட்ஸும் எலன் ஒயிட்டும். சபை தீர்க்கதரிசியாக ஏற்ற பெண்மணியே கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். அதற்காக அந்த ஒன்பது வருஷத்துச் சனிக்கிழமைகளெல்லாம் செல்லாது என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

பன்றி இறைச்சிக் கதை இன்னும் நல்லது. 1850-களில் ஹாஸ்கெல் என்ற ஊழியர் அதை விட்டொழிக்க வேண்டும் என்று மற்றவர்களை நெருக்கினார். எலன் ஒயிட் 1858-இல் அவருக்குக் கடிதம் எழுதினார்: அதை மற்றவர்களுக்குச் சோதனைக்கல்லாக்க வேண்டாம், அது கடவுளின் சித்தமானால் ஒன்றிரண்டு பேருக்கல்ல, சபைக்கே உணர்த்துவார். ஐந்து வருஷம் கழித்து, 1863-இல், சபை முறையாக அமைப்பாகித் திரண்ட சில நாளிலேயே, உடல்நலச் சீர்திருத்தம் பற்றிய தரிசனம் அவருக்கே வந்தது. ஹாஸ்கெல் சொன்னதுதான் சரி என்றாயிற்று! அப்படியும் எலன் ஒயிட் மாமிசம் என்பதையே அறவே விட்டது 1894-இல். தரிசனத்துக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவே முப்பது வருஷம். கபடம் என்று இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷமாக ஒருவர் விடாமல் ஒரே திசையில் நடந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. கபடதாரி எந்தத் திசையிலும் அவ்வளவு காலம் நடக்கமாட்டான்.

வேதமே ‘உடனே’ என்கிறதே என்பார்கள். எந்த வேதம்? பெத்சாயிதாவில் இயேசு ஒரு குருடனைத் தொடுகிறார். என்ன தெரிகிறது என்று கேட்டால், மனிதர்கள் மரங்களைப் போல நடமாடுகிறார்கள் என்கிறான். மறுபடி கை வைத்த பிறகே தெளிவாகப் பார்க்கிறான். முதல் தொடுதல் தோற்றது என்று எந்தப் பிரசங்கியாவது சொல்வாரா? குஷ்டம் நீங்கிய நாகமான், ஊர் திரும்பியபின் ராஜாவோடு ரிம்மோன் கோயிலுக்குப் போய்க் குனிய வேண்டியிருக்குமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசா அவனைத் திட்டவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிடுகிறார். மேடையில் அதிகம் எடுத்தாளப்படும் பவுலுக்குத் தமஸ்குச் சாலையில் வெளிச்சம் நொடியில் வந்தது, வாஸ்தவம். அதன் பிறகு மூன்று நாள் கண் தெரியவில்லை, அரபியாவுக்குப் போனார், மூன்று வருஷம் கழித்துத்தான் எருசலேம் போய்ப் பேதுருவைப் பார்த்தார். வெளிச்சத்தை மட்டும் பிரசங்கித்துவிட்டு அரபியாவை விழுங்கிவிடுகிறோம்.

செஞ்சிக்காரர்களுக்கு இது புது விஷயமாக இருக்கவும் நியாயமில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று. பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். அங்கேயே, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைச் சொல்லும் பழங்கல்வெட்டு. ஒரே வீச்சு மோகம் கொண்டவர்கள் அந்த ஐம்பத்தேழைப் பார்த்து மலைப்பார்கள். சமணர்கள் அவரைப் போற்றினார்கள்; ஆனால் அவருடைய நோன்பை இல்லறத்தான் தலையில் வைக்கவில்லை. இல்லறத்தானுக்கு அவர்கள் பதினொரு நிலைகள் வகுத்தார்கள்: முதலில் நற்காட்சி, பிறகு சிறுவிரதங்கள், தியானம், நோன்பு, இரவு உண்ணாமை என்று ஏறி, கடைசியில் துறவின் வாசல். கீழ்நிலையில் இருப்பவன் போலி என்று மேல்நிலையில் இருப்பவன் சொல்ல முடியாது. அவனும் அங்கிருந்து ஏறி வந்தவன்தான். மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றிய ஊர்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கை கழுவும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இன்னும் அருகில் பார்க்க வேண்டுமானால் புரட்டாசி சனிக்கிழமை சிங்கவரம் ரங்கநாதர் மலையேறும் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்த ஒரு மாதம் கவிச்சியைத் தொடாதவரிடம் போய் ‘மற்றப் பதினோரு மாதம்?’ என்று கேட்டு அந்த ஒன்றையும் கெடுப்பது பக்தியில் சேருமா?

வட, தென் ஆற்காட்டுக் கிராமங்களில் 1853 முதல் வேலை செய்த அமெரிக்க ஆற்காடு மிஷனும் இதைப் புரிந்தே நடந்தது. திண்டிவனம் அதன் நிலையங்களில் ஒன்று. தங்கள் மக்களை அவர்கள் ஒரே கும்பலாக எண்ணவில்லை. வந்து சேர்ந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், நற்கருணைக்குத் தகுதியானவர்கள் என்று தனித்தனிப் பத்திகளில் எழுதினார்கள். முதல் பத்தியில் இருந்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்திருந்தால் கணக்கே வைத்திருக்கமாட்டார்கள்.

எதிர்த்தரப்பின் கையில் வலுவான ஆயுதம் ஒன்று உண்டு. அதை நானே எடுத்து வைக்கிறேன். சாதி. ‘மெல்ல மெல்ல மாறும், அவசரப்படாதீர்கள்’ என்று தமிழ்க் கிறிஸ்தவம் இருநூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சட்டாம்பிள்ளையின் சபையே பெரும்பாலும் ஒரு சாதியாரின் சபைதான். வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிமிர்ந்த தலை தன் ஊர்ச் சேரிப் பக்கம் திரும்பியது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. படிப்படி என்ற பேச்சு இங்கே பித்தலாட்டமாகிவிட்டது என்பதை மறுக்கமாட்டேன். அதற்கு மருந்து ‘உடனே’ என்ற ஆணையா என்பதுதான் கேள்வி. அந்த மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் கலகம். பலர் வெளிநடப்புச் செய்தார்கள். ஆணை காகிதத்தில் வென்றது. சாதி பந்தியிலும் கல்லறையிலும் வென்றது.

பிரகாசபுரத்துக்காரர்கள் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் எதையாவது இழந்தார்கள்: பாதிரியின் ஆதரவு, ஞாயிறு விடுமுறை, தாங்களே வளர்த்த பண்டிகை. சாதிக்காரக் கிறிஸ்தவர் இருநூறு வருஷமாக எதையும் இழக்கவில்லை. அவர் மெல்ல நடக்கவில்லை, நடக்கவே இல்லை. நிற்கிறவனைக் காட்டி நடக்கிறவனைக் குற்றம் சொல்வதில் என்ன நியாயம்?

நம் விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த எறையூரில், 2008 மார்ச்சில், சாதிப் பாகுபாட்டை ஒட்டி மூண்ட சண்டையில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். இருபக்கமும் ஒரே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள். அந்த வாரம் எத்தனை மேடையில் ‘உடனே, இந்த நொடியே’ என்ற பிரசங்கம் சாதிவாரியாகக் கல்லறையைப் பிரிக்கும் சுவரைப் பற்றி நடந்தது? சினிமா பார்ப்பதையும் பொட்டு வைப்பதையும் நொடியில் விடச் சொல்கிற மேடை, சுவர் என்று வந்ததும் திடீரென்று பொறுமையைப் போதிக்க ஆரம்பித்துவிடுகிறது. அப்போது மட்டும் அவர்களுக்கும் படிப்படி தேவைப்படுகிறது.